ஐந்து தட்டு உள்ளே

தனலெட்சுமியின் மனு மூன்றாவது தடவையும் திரும்பி வந்தபோது, அதில் எழுதியிருந்த விஷயத்தில் யாரும் ஒரு குறையும் சொல்லியிருக்கவில்லை. குறை சொல்வதென்றால் படித்திருக்க வேண்டுமே. ஊவா சிறுபாலங்கள் படிக்கட்டுகள் சபையில் மனுக்களைப் படிக்கிற வழக்கம் இல்லை. அங்கே அளப்பார்கள்.

விஷயம் என்னவோ சின்னதுதான். லுணுகலைக்கு மேலே ஆனைக்கல் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், ஓடைக்கு இந்தப் பக்கம். பள்ளிக்கூடமும் பஸ் ரோட்டும் அந்தப் பக்கம். நடுவில் பாசி பிடித்த ஒரு மரம் குறுக்கே கிடந்தது. அதைத்தான் நாற்பது குடும்பங்கள் பாலம் என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தன. போன வருஷம் ஐப்பசி மழையில், தனலெட்சுமியின் ஒரே மகள் புஷ்பவள்ளி அந்த மரத்தில் வழுக்கி விழுந்து, தண்ணீரோடு கால் மைல் போய், ஒரு பாறை இடுக்கில் சிக்கிக் கிடந்தாள். உயிர் தப்பியது. அன்றிலிருந்து மழை மாதங்களில் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

"இந்த வருச மழைக்கு முன்னாடி பாலம் வரலேன்னா புள்ளய நிறுத்திப்புடுறேன். படிப்பு முக்கியமா, உசுரு முக்கியமா?" என்று புருஷன் முருகையா சொல்லிவிட்டான். அவன் பேச்சில் நியாயம் இருந்தது. அதனால்தான் தனலெட்சுமிக்கு அவ்வளவு கோபம் வந்தது. மூன்றாம் வகுப்போடு கொழுந்துக் கூடை தூக்கியவள் அவள். மகளும் அதே வயதில் அதே கூடைக்கு வந்து நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எழுபத்தாறாம் ஆண்டு மாசி மாதம் பஸ் ஏறிப் பதுளைக்கு வந்து, மனு தட்டக் கொடுத்தாள்.

தட்டிக் கொடுத்தவர் வாஹித் நானா. புடவைக் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில், ஓர் ஆள் உட்கார்ந்தால் இன்னோர் ஆள் நிற்க வேண்டிய இடத்தில், ஒரு தமிழ்த் தட்டச்சு யந்திரத்தோடு இருபது வருஷமாக இருந்தவர். நேர்த்தியாகத்தான் தட்டினார். இரண்டு வாரத்தில் மனு திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம்.

"உமது மனுவின் முதற்பந்தி இடது ஓரத்திலிருந்து நான்கு தட்டுகள் உள்ளே தொடங்குகின்றது. சுற்றுநிருபம் இல. 14 இன் பிரகாரம் ஐந்து தட்டுகள் இருத்தல் வேண்டும். திருத்தி அனுப்புக."

"தட்டுன்னா என்னா நானா?"

வாஹித் நானா யந்திரத்தின் அடியில் இருந்த நீளக் கட்டையை ஒரு முறை அமுக்கிக் காட்டினார். எழுத்து எதுவும் விழாமல் காகிதம் ஓர் எழுத்து தூரம் நகர்ந்தது.

"இதுதான் தங்கச்சி ஒரு தட்டு. புதுப் பந்தி தொடங்குறப்ப கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளித் தொடங்குவோம். அழகுக்கு. நாலும் தட்டலாம், ஆறும் தட்டலாம். இத்தன வருஷமா நான் தட்டுறேன், எண்ணிப் பாத்த மனுஷன் ஒருத்தரும் இல்ல. இப்ப எண்ணிப் பாக்க ஒரு சபையே ஈக்குது போல."

ஐந்து தட்டுப் போட்டு அனுப்பினார்கள். அதுவும் திரும்பி வந்தது. எல்லாப் பந்திகளையும் ஐந்து தட்டில் தொடங்கியது தவறு. பந்திகள் பல வகைப்படும் என்று எழுதியிருந்தார்கள். எந்த வகை எத்தனை தட்டு என்று எழுதவில்லை. வாஹித் நானா தன் அனுபவத்தை எல்லாம் திரட்டி, ஒரு பந்தியை ஆறிலும் மற்றதை ஏழிலும் வைத்துப் பார்த்தார். மூன்றாவது தடவையும் திரும்பி வந்தது. இந்த முறை கடிதத்தில், "மனுதாரர் நேரில் சமுகமளிக்கவும்" என்று இருந்தது.

சித்திரை வெயிலில் தனலெட்சுமி சபையின் படியேறினாள். படிக்கட்டுகள் சபை என்று பெயர் இருந்தாலும் மூன்றாவது படி உடைந்திருந்தது. உள்ளே தமிழ்ப் பிரிவில் இரண்டு பேர். சரோஜாதேவி என்ற எழுதுவினைஞர் அம்மா, கண்ணாடி போன்ற ஓர் அளவுகோலைக் கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பின்னால் பெரிய மேசையில் பிரதம லிகிதர் குமாரசிங்கம். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து மூன்று வருஷம். அதற்குள் பதுளைக் குளிருக்கு ஒரு கம்பளிக் கழுத்துத்துணியும், பதுளை மக்களுக்குச் சுற்றுநிருபம் பதினான்கும் வாங்கிவிட்டிருந்தார்.

சரோஜாதேவி மனுவின் மேல் அளவுகோலை வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இது என்ன பந்தி?"

"பாலம் வேணும்னு கேக்குறதுங்கம்மா."

"அதைக் கேக்கேல்லை. நிலைமைப் பந்தியோ, வேதனைப் பந்தியோ, வேண்டுகோள் பந்தியோ?"

தனலெட்சுமி விழித்தாள். தன் மனுவுக்குள் இத்தனை பேர் குடியிருப்பது அவளுக்கு அதுவரை தெரியாது. சரோஜாதேவி பொறுமையாகவே விளக்கினார். ஊர் எங்கே, ஓடை எங்கே என்று சொல்வது நிலைமைப் பந்தி. அதற்கு ஐந்து தட்டு. பாலம் கேட்பது வேண்டுகோள் பந்தி. பன்னிரண்டு தட்டு, பணிவு தெரிய வேண்டும் அல்லவா. நடுவில் வருவது வேதனைப் பந்தி. அது வேதனையின் அளவைப் பொறுத்தது.

"தண்ணிக்குள்ளை விழுந்த பிள்ளை செத்ததோ?"

"ஐயோ, இல்லீங்கம்மா! தப்பிச்சிருச்சு."

"அப்ப எட்டுத் தட்டுக் காணும். பத்துத் தட்டு, செத்தால்தான்."

பிள்ளை பிழைத்ததற்காக முதல் தடவையாக யாரிடமோ மன்னிப்புக் கேட்க வேண்டும் போல் தனலெட்சுமிக்கு இருந்தது. அதற்குள் குமாரசிங்கம் ஐயா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்த பிறகுதான் பேசத் தொடங்கினார். அது அவருடைய தந்திரம்; உட்கார்ந்த ஆள் பாதியில் எழுந்து போக மாட்டார்.

"பாருங்கோ பிள்ளை, சனம் என்ன நினைக்குது? சபை எங்களைச் சுத்தவைக்குது எண்டு. அப்பிடி இல்லை. ஒரு மனு ஓரத்திலேயே தொடங்கினால், கேக்கிற ஆளுக்கு அவசரம் எண்டு அர்த்தம். அவசரக்காறருக்கு அரசாங்கம் என்ன செய்யேலும்? கொஞ்சம் தள்ளித் தொடங்கினால், யோசிச்சுக் கேக்கிறார் எண்டு அர்த்தம். எனக்கு இருபத்தாறு வருஷ சேவை. இவ்வளவு காலத்திலை நான் ஒரு பாலமும் நேரிலை பாத்ததில்லை. தேவையும் வரேல்லை. ஆனால் என்ரை கையாலை போன ஒரு கடிதமாவது கோணலாய்ப் போனதெண்டு ஒருத்தரும் சொல்லேலாது. விளங்குதோ?"

"வெளங்குதுங்கையா" என்றாள் தனலெட்சுமி. வேறு என்ன சொல்வது?

வாஹித் நானா நான்காவது தடவை தட்டினார். ஒவ்வொரு பந்திக்கும் கட்டையை அமுக்கும்போது, தொழுகைக்கு எண்ணுகிற கவனத்தோடு வாய்விட்டு எண்ணினார். ஐந்து, எட்டு, பன்னிரண்டு. காகிதத்தை எடுத்துப் பார்த்தால், பந்திகள் ஒவ்வொன்றாக வலது பக்கம் ஒதுங்கி ஒதுங்கி, கடைசிப் பந்தி கதவோரம் நிற்கிற ஆள் மாதிரி நின்றது.

மனு ஏற்கப்பட்டது. குமாரசிங்கம் ஐயா அதைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எவ்வளவு வடிவு! வாசிக்கவே தேவையில்லை, தூரத்திலை பிடிச்சாலே மனம் இளகுது" என்றார். பிறகு தனலெட்சுமியிடம் திரும்பி, "உது என்னத்தைப் பற்றின மனு?" என்று கேட்டார். பாலம் என்று அவள் சொன்னதும் அதன் மேல் மூலையில் 'பாலம்' என்று தன் கையாலேயே எழுதினார்.

அதற்குப் பிறகு வேலை வேகமாகத்தான் நடந்தது. சபையின் ஓவர்சியர் கணபதி தோட்டத்துக்கு வந்து, கயிறு பிடித்து ஓடையை அளந்து, ஒரு படம் வரைந்தார். இருபத்திரண்டு அடிப் பாலம். படத்தின் இடது பக்கம் லயங்கள், வலது பக்கம் பள்ளிக்கூடம். முருகையாவே அதைப் பார்த்து, "மனுசன் கெட்டிக்காரன்" என்று சொன்னான். அவன் அப்படி யாரையும் சொல்வதில்லை.

ஆடி மாதம் தனலெட்சுமி சங்கதி விசாரிக்கப் பதுளைக்குப் போனபோது, அந்தப் படம் சரோஜாதேவியின் மேசையில் இருந்தது. பக்கத்தில் கணபதி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"படத்திலை உங்கடை பாலம் இடது ஓரக் கோட்டிலேயே தொடங்குது. இணைப்புகளுக்கும் சுற்றுநிருபம் பொருந்தும்" என்றார் சரோஜாதேவி.

"அம்மா, கோடு இல்ல அது, ஓடைக் கரை! கரையிலதானே பாலம் தொடங்கணும்?"

"கரையைப் பற்றிச் சுற்றுநிருபத்திலை ஒண்டும் இல்லை, மிஸ்டர் கணபதி."

சொல்லிக்கொண்டே சரோஜாதேவி படத்தின் மேல் மெல்லிய காகிதத்தை விரித்து, கரையை அதே இடத்தில் விட்டு, பாலத்தை மட்டும் ஐந்து தட்டு வலது பக்கமாகத் தள்ளிப் பிரதி எடுத்தார். காகிதத்தில் அரை அங்குலம். கணபதி வரைந்த அளவுப்படி அரை அங்குலம் என்றால் ஐந்து அடி.

தனலெட்சுமி எட்டிப் பார்த்தாள். படிப்பு மூன்றாம் வகுப்புத்தான்; கண் நன்றாகத் தெரியும்.

"அம்மா, எங்க பக்கத்துல பாலம் கரைய விட்டுத் தள்ளி நிக்குதுங்களே?"

"பாலம் தள்ளேல்லை பிள்ளை. ஓரம் சரியாய் வந்திருக்கு" என்றார் சரோஜாதேவி. அவர் குரலில் உண்மையான திருப்தி இருந்தது. குமாரசிங்கம் ஐயா தூரத்தில் பிடித்துப் பார்த்து ஒப்பமிட்டார். கணபதி கீழே போய், உடைந்த மூன்றாவது படியில் உட்கார்ந்து ஒரு சுருட்டுப் பற்றவைத்தார்.

புரட்டாசியில் பாலம் கட்டுகிற மேசன் பாஸ் தன் ஆட்களோடு வந்து இறங்கினார். ஒப்பமிட்ட படத்தைக் கையில் விரித்துப் பிடித்து, ஓடையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார். ஆனால் படத்தில் மூன்று ஒப்பமும் இரண்டு முத்திரையும் இருந்தன. ஓடையில் ஒன்றும் இல்லை. படத்தையே நம்பினார்.

மழை தொடங்குவதற்கு நாலு நாள் முன்னால் பாலம் முடிந்தது. நல்ல பாலம். கல் தூண், கொங்கிரீட் தட்டு, இரண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடி. பள்ளிக்கூடப் பக்கம் ஐந்து அடி அதிகமாகப் போய், பிள்ளைகள் போட்டிருந்த கீரைப் பாத்தியில் ஏறி நின்றது. லயத்துப் பக்கம் கரைக்கு வராமல் ஐந்து அடி தள்ளி, ஓடையின் மேல் தூணில் நின்றது. கீழ்ப்பிரிவு முழுக்கக் கரையில் கூடி, எட்டுகிற தூரத்தில் எட்டாமல் நின்ற பாலத்தைப் பார்த்தது. ஒரு கிழவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் இருமினார்.

தனலெட்சுமி சிரிக்கவில்லை. நாலு தடவை தட்டிய மனுவும், பதுளைக்கும் லுணுகலைக்கும் அலைந்த அலைச்சலும் அவள் கண்ணில் நீராக வந்தன. முருகையா தோட்டத்து ஃபெக்டரிக்குப் போய், கழித்துப் போட்டிருந்த ஒரு பழைய கதவுப் பலகையைக் கேட்டு வாங்கி, தோளில் சுமந்து வந்து, கரைக்கும் பாலத்துக்கும் நடுவில் போட்டான். மேலே ஏறி இரண்டு குதி குதித்தான்.

"போ புள்ள" என்றான் மகளிடம்.

புஷ்பவள்ளி போனாள். ஐப்பசி முழுக்க, கார்த்திகை முழுக்க, ஓடை காட்டுத்தனமாகப் பொங்கிய நாட்களிலும் போனாள்.

மார்கழி மாதத்தில், டிசம்பர் முப்பத்தோராம் திகதி, பாலத்தைத் திறந்து வைக்கக் குமாரசிங்கம் ஐயா ஜீப்பில் வந்தார். பாலம் திறந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் கோப்பில் அது மூடியே இருந்தது. வருஷம் முடிவதற்குள், அதாவது அன்றைக்கே, மனுதாரர் தனலெட்சுமி 'பாலம் கிடைக்கப்பெற்றேன்' என்று ஒப்பமிட்டுக் கோப்பை முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் அடுத்த வருஷம் மனுவிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜீப் பள்ளிக்கூடப் பக்கம் நின்றது. லயத்துப் பக்கம் மாலை, தேத்தண்ணி, வடை, சுத்தமான சட்டை போட்ட பிள்ளைகள் எல்லாம் தயார். ஐயா கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பாலத்தில் நடந்து வந்தார். இருபத்தாறு வருஷ சேவையில் அவர் மிதிக்கிற முதல் சபைப் பாலம்; நடையில் கொஞ்சம் உணர்ச்சி தெரிந்தது. முக்கால்வாசி தூரம் வந்ததும் பலகையைக் கண்டு நின்றார்.

"உதென்ன?"

"பலகைங்கையா. பாலம் எட்டலீங்க, அதான் போட்டுருக்கோம்" என்றாள் தனலெட்சுமி கரையிலிருந்து.

ஐயாவின் முகம் சுருங்கியது. "எட்டேல்லை எண்டு சொல்லக் கூடாது பிள்ளை. அது ஓரம். ஐஞ்சு தட்டு. அந்த இடம் வெறுமையாய் இருக்க வேணும். வெறுமையாய் இருந்தால்தான் பாலம் தொடங்கிற இடம் கண்ணுக்குத் தெரியும். ஓரத்திலை கண்டதையும் வைச்சால் அது என்ன ஒழுங்கு? எடுங்கோ அதை."

"ஐயா, புள்ளைங்க..."

"ஓரத்திலை ஏதும் வைக்கிறதெண்டால் எழுத்திலை விண்ணப்பிக்க வேணும். வாயாலை சொல்லி ஒண்டும் நடக்காது. டிரைவர்!"

டிரைவர் வந்து பலகையைத் தூக்கி, பாவம், தயங்கித் தயங்கி லயத்துக் கரைப் பக்கம் தள்ளிவிட்டான். புஷ்பவள்ளி தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நான் தை மாசம் பள்ளிக்கூடம் போக மாட்டேனாம்மா?" என்று கேட்டாள்.

ஐயா பாலத்தின் நுனியில் நின்று உரை நிகழ்த்தினார். அரை மணி நேரம். மழை தூறத் தொடங்கியது. பாலத்தைப் பற்றி இரண்டு வசனம், ஓரத்தைப் பற்றி மிகுதி. கை தட்டினார்கள். பிறகு கோப்பைத் திறந்து, ஒப்பமிட வேண்டிய இடத்தைப் பார்த்தார். தனலெட்சுமியைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் ஐந்து அடி ஓடை ஓடிக்கொண்டிருந்தது.

"பிள்ளை, இதிலை ஒரு ஒப்பம் வேணும்."

"வைக்கிறேன்யா. குடுங்க."

ஐயா கையை நீட்டினார். தனலெட்சுமியும் நீட்டினாள். நடுவில் இன்னொரு கை வேண்டியிருந்தது. "எறியட்டுமா சேர்?" என்றான் டிரைவர். கோப்பு எறிகிற பொருள் இல்லை என்று ஐயா சீறினார். ஜீப்பில் சுற்றி வரலாமா என்றால், மண் சரிந்து தோட்டத்து ரோட்டு இரண்டு நாளாக மூடியிருந்தது. மழை பலத்தது. கோப்பின் மேல் துளிகள் விழுந்தன. ஐயா அதைக் கம்பளித் துணியால் மூடிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அந்தப் பலகையை ஒருக்கா வையுங்கோவன்" என்றார்.

முருகையா குனிந்து பலகையில் கை வைத்தான். தனலெட்சுமி அவன் தோளைத் தொட்டு நிறுத்தினாள். அவள் குரலில் கிண்டல் இல்லை. அந்தச் சபையில் கற்ற பணிவுதான் இருந்தது.

"ஓரத்துல எது வைக்கிறதா இருந்தாலும் எழுத்துல குடுக்கணும்னு இப்பத்தானேங்கையா சொன்னீங்க? நாங்க வாய் வார்த்தையில வச்சா நாளைக்கு ஒங்களுக்குத்தானே பிரச்சின?"

அவள் சொன்னது சரி. ஐயாவே சொன்னதுதான். உரை எழுதிய காகிதத்தைத் திருப்பி, நனைந்த கைப்பிடியில் வைத்து, அவசரமாக எழுதினார். கொழுந்துக் கூடையை ஒரு நீளக் கம்பில் மாட்டி நீட்டினார்கள். காகிதம் கூடையில் வந்து சேர்ந்தது; மழையில் கோப்பைக் கூடையில் அனுப்ப ஐயாவுக்கு மனமில்லை. புஷ்பவள்ளி உரக்க வாசித்தாள்.

"இப்பாலத்துக்கும் கரைக்கும் இடையில் பலகை ஒன்று வைக்கும்படி தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். இங்ஙனம், குமாரசிங்கம்." பிறகு அவள் காகிதத்தை உற்றுப் பார்த்தாள். நாலு மனு வீட்டில் புரண்டதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. "அம்மா, ஓரத்துலயே தொடங்கியிருக்காரு. ஒரு தட்டுகூட உள்ள இல்ல."

ஐயா தன் காலைப் பார்த்துக்கொண்டு மழையில் நின்றார்.

"பரவால்ல புள்ள. ஐயாவுக்கு அவசரம்" என்றாள் தனலெட்சுமி. பிறகு புருஷனிடம், "நீங்க பலகையைப் போடுங்க" என்றாள்.

ஐயா பலகையில் நடந்து வந்தார். மாலை போட்டார்கள். இரண்டு வடை சாப்பிட்டார். தனலெட்சுமி ஒப்பமிட்டாள். அந்தக் காகிதமும், பலகை வைக்கப்பட்டதற்கு ஆதாரமாகக் கோப்பிலேயே சேர்ந்தது. சேர்க்காமல் விட்டால் ஒழுங்கில்லை அல்லவா.

தை மாதம் நடுவில் தனலெட்சுமிக்குச் சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நனைந்து காய்ந்த அந்தக் காகிதமும் இணைத்திருந்தது. அதன் ஓரத்தில் சரோஜாதேவியின் பென்சில் கோடு.

"பலகை தொடர்பான 31.12.76 திகதிய விண்ணப்பம் உள்தள்ளல் இன்றித் தொடங்குவதால் ஏற்றுக்கொள்ள முடியாதுள்ளது. திருத்திய விண்ணப்பம் கிடைக்கும்வரை இவ்விடயத்தில் இறுதி முடிவு எடுக்கப்படமாட்டாது. அதுவரை பலகை தற்போதுள்ள நிலையிலேயே இருத்தல் வேண்டும்."

கீழே ஒப்பம்: குமாரசிங்கம். வழக்கம் போலத் தூரத்தில் பிடித்துப் பார்த்திருப்பார்.

அடுத்த சம்பள நாளில் தனலெட்சுமி அதை வாஹித் நானாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். நானா இரண்டு தடவை வாசித்தார். புதுக் காகிதம் ஒன்றை யந்திரத்தில் சுற்றி, கட்டையின் மேல் கட்டைவிரலை வைத்தார்.

"அஞ்சு தட்டுத்தானே தங்கச்சி? ஒரு நிமிஷத்துல திருத்தித் தந்துருவேன்."

"வேணாம் நானா" என்று அவள் கடிதத்தை அவர் கையிலிருந்து எடுத்து, நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். "அது அப்படியே ஓரத்துலயே இருக்கட்டும். எம்புள்ள ஓலெவல் பரீட்சை எழுதி முடிக்கட்டும், அப்பறமாத் திருத்திக்கலாம்."